வராத தலைவலிக்கு மாத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நலம்தான். ஹாஸ்டலில் காய்ச்சல் விடவில்லை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, முதுகில் ஊசி குத்திக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். எறும்புக் கடி மாதிரிதான் இருந்தது. அம்மாவிடமும் அப்படியே சொல்லுங்கள்.

டாக்டர், "தலைவலிக்கு மாத்திரை, மூணு வேளை" என்றார். எனக்குத் தலை வலிக்கவே இல்லை. வலித்தால் போடலாம் என்று மூன்றையும் தலையணை உறைக்குள் வைத்துவிட்டேன். ராத்திரி இதைச் சொன்னதும் பக்கத்துக் கட்டில் அத்தை சிரித்தார்: "அடி அசடே, முதுகுல குத்தினா பின்னாடி தலைவலி வரும். அது வராம இருக்கத்தான் மாத்திரை. நனைஞ்சப்புறமா குடை பிடிப்பாங்க?"

வராத வலிக்கு மருந்தா? இப்போது மூன்றையும் சேர்த்துப் போடலாமா? இல்லை, வலிக்காததால் வேண்டவே வேண்டாமா? ஒன்றும் புரியவில்லை அப்பா. "முழுங்கினியாடி?" என்று நர்ஸக்கா கேட்டபோதெல்லாம் தலையாட்டிவிட்டேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்குள்ளதில் மருந்து வாடை. நீங்களே வந்தாலும் சரி.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர நாலு நாள் ஆகும். தலைவலி அதுவரை பொறுக்குமா? மாத்திரையை ஒளித்ததைச் சொல்லி, விளக்கணைத்த பிறகு எழுதியதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கிக்கொள்கிறேன். நர்ஸக்காவைக் கூப்பிட்டுவிட்டேன், செருப்புச் சத்தம் கேட்கிறது.

உங்கள் மகள்