ஐந்தாவது அடுக்கில் நிற்கும் பேய்

செப்டம்பர் 9, திங்கள்

எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டியை இரவில் திரியும் ரக்கூன் பிராணி மறுபடியும் கவிழ்த்துவிட்டது. காலையில் காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தால் தெருவெல்லாம் டயப்பர். குழந்தைகளுடையது இல்லை, பெரியவர்கள் கட்டுவது. கட்டிக் கழற்றியது. ஒன்று எங்கள் தபால் பெட்டிக்கு அடியில் வந்து கிடக்கிறது. காப்பியை அப்படியே புல்லில் கொட்டினேன்.

எதிர்வீட்டு ஓடெல் பிக்கெட்டுக்கு எண்பது வயது இருக்கும். அந்த ஆள் மனைவி இமோஜீனை இரண்டு வருடமாக ஒருவரும் பார்க்கவில்லை. டூசானில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்கிறார் என் கணவர் டுவைட். நானாக இருந்தாலும் போயிருப்பேன். முழங்கால் உயரப் புல், ஒரு பக்கம் இறங்கிய தாழ்வாரம், ஒற்றைக் கொக்கியில் தொங்கும் சன்னல் கதவு. சீ. இதைத்தான் நான் தினமும் கண் விழித்துப் பார்க்கிறேன்.

நகராட்சிக்குப் புகார் அனுப்புவதற்காக எங்கள் மாடியிலிருந்து ஒரு படம் எடுத்தேன்.

செப்டம்பர் 12

புகார் போய்விட்டது. அனுப்பும்போதுதான் படத்தை உற்றுப் பார்த்தேன். நூலக வாசல் கண்ணாடியில் ஹாலோவீன் பேய்த் திருநாளுக்குத் தாள் வெட்டி அடுக்கி ஒளிப்பெட்டி வைப்பது ஒன்பது வருடமாக என் வேலை. இந்த வருடம் நல்ல பேய்வீடு ஒன்று தேடித் தேடி அலுத்துப் போயிருந்தேன். இணையத்தில் கிடைப்பதெல்லாம் அதே மூன்று வௌவால், அதே கோணல் கோபுரம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல, இதோ எதிரிலேயே நிற்கிறது!

படத்தைக் கணினியில் போட்டு ஓரங்களைக் கோடாக எடுக்கச் சொன்னேன். இருட்டு எது, வெளிச்சம் எது என்று அதுவே பிரித்து ஏழு அடுக்காகக் கொடுத்தது. முதலில் கறுப்பில் புல், அப்புறம் தாழ்வாரம், சுவர், இப்படியே பின்னால் போகப் போக வெளிறிக்கொண்டு கடைசியில் மஞ்சள். ஐந்தாவது அடுக்கில் மேல் சன்னலுக்குள் தானாகவே ஒரு உருவம் வந்திருந்தது. சாய்ந்த தலை, தூக்கிய ஒரு கை. திரைச்சீலை மடிப்பும் கண்ணாடிப் பளபளப்பும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கும். நானே வரைந்திருந்தால் இப்படி வந்திருக்காது. விரல்களை மட்டும் கொஞ்சம் நீட்டி நகம் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 17

மூன்று முறை வெட்டியும் பாழ். வெட்டும் இயந்திரத்துக்குள் தாளைப் பிடித்துக்கொள்ளும் ஒட்டுப் பலகையில் நாய் மயிர், பழைய மினுக்குத் தூள், ஏதோ ஒரு பூச்சியின் கால். பசை செத்துவிட்டது. தாள் நகர்ந்து, சன்னலில் நின்ற பேயின் தலை போய்விட்டது. பலகையை வெந்நீரில் தேய்த்தபோது வந்த சாம்பல் நிறக் கசடைப் பார்த்து மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காவது தடவை சரியாக வந்தது. ஊசி முனையால் துணுக்குகளைக் குத்தி எடுத்து, அடுக்குக்கு அடுக்கு நடுவில் பஞ்சு நாடா ஒட்டி, பின்னால் விளக்குச் சரம் வைத்தேன். ஏற்றியதும் அந்தக் கை என்னைக் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. எனக்கே சிலிர்த்தது.

டுவைட் எட்டிப் பார்த்தார். "இது ஓடெல் வீடு மாதிரியே இருக்கே, நோரீன்?"

"பேய்வீடு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றேன்.

செப்டம்பர் 21, சனி

நூலகத்தில் எங்கள் காகிதக் கைவேலைக் கூட்டம். ட்ரூடி வாயைப் பிளந்துவிட்டாள். "அடிப்பாவி, அந்தக் கையப் பாருங்கடி! வா வான்னு கூப்பிடுது! நோரீன், இந்தக் கோப்பு எனக்கு வேணும், இப்பவே."

எல்லோருக்கும் அனுப்பினேன். பதினெட்டுப் பேர். ட்ரூடி ஆரஞ்சு மினுக்குத் தாளில்தான் செய்யப்போகிறாளாம். மினுக்குத் தாள்! அதைக் கண்டாலே எனக்குக் குமட்டும்.

அக்டோபர் 5

எங்கள் தெருவில் மட்டும், என் வீட்டுச் சன்னலையும் சேர்த்து, ஆறு சன்னல்களில் என் பேய். பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்.

அக்டோபர் 12, சனி

நூலகத்தில் விளக்குச் சரத்துக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே ஓடெல். கையில் பெரிய எழுத்துப் புத்தகங்கள் இரண்டு. ஒளிப்பெட்டி முன்னால் நின்றவர் நகரவே இல்லை. சரி, வீட்டைப் பற்றிச் சண்டைக்கு வரப்போகிறார் என்று பதிலெல்லாம் தயார் செய்துகொண்டேன். முதலில் உம்ம புல்லை வெட்டும், அப்புறம் பேசும் என்று சொல்வதாக இருந்தேன்.

உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"வீடு அப்படித்தான் கெடக்கு, நோரீன். அதுல நீங்க செஞ்சது ஒண்ணும் தப்பில்ல. என்னால புல்லு வெட்ட முடியல. அவள விட்டுட்டு ரொம்ப நேரம் வெளிய இருக்க முடியல."

"யாரை?"

"மேல் சன்னல்ல நிக்கறது இமோஜீன்."

அவ்வளவுதான் சொன்னார். புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதே நாள், மதியம்

வீட்டுக்கு வந்து மூலப் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். திரைச்சீலை இல்லை. வெள்ளை முடி. நீல ரவிக்கை. கண்ணாடியில் வைத்த கை.

கை அசைத்திருக்கிறார். இந்தப் பக்கம் மாடியில் ஒருத்தி நிற்பதைப் பார்த்துவிட்டு, அடையாளம் தெரிந்ததோ தெரியவில்லையோ, கை அசைத்திருக்கிறார். நான் அந்த விரல்களை இழுத்து நீட்டி நகம் வைத்தேன். அந்த டயப்பர் யாருடையது என்றும் இப்போதுதான் புரிகிறது. எவ்வளவு கேவலம். டயப்பர் இல்லை — நான். நான்தான்.

அக்டோபர் 15

நூலகப் பெட்டியிலிருந்து அந்த உருவத்தை வெட்டி எடுத்துவிட்டேன். பின்பலகையைக் கழற்றி, கத்தி முனையை விட்டு, ஐந்தாவது அடுக்கில் நான்கு வெட்டு. வெறும் சன்னல். மற்றவர்களும் எடுத்துவிட வேண்டும் என்று ட்ரூடியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பேய எடுத்துட்டா அப்புறம் அதுல என்னடி இருக்கு? வெறும் ஓட்ட வீடு."

காரணத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. புத்தி எங்கே போயிருந்தது எனக்கு? "அய்யோ பாவம்" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "அப்ப அது நெஜ வீடா? உங்க தெருவுலயா?"

அந்தக் குரலில் இருந்த இனிப்பு. இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அக்டோபர் 19, சனி

மத்தியானம் ஐந்து கார். மெதுவாக வந்து எதிர்வீட்டுக்கு முன்னால் நிற்கின்றன. கண்ணாடி இறங்குகிறது, கைபேசி நீள்கிறது. ஒரு பெண், என் வயது இருக்கும், பின்சீட்டுப் பிள்ளைகளிடம் "அதோ பாரு, கைய ஆட்டுறா!" என்றாள். ஆமாம், ஆட்டினார். ஒவ்வொரு காருக்கும் ஆட்டினார். வந்தவர்களைக் கண்டு அவருக்குச் சந்தோஷம் போல. பிள்ளைகள் கத்தினார்கள்.

வெளியே ஓடிப் போய், "வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று கத்தினேன். அந்தப் பெண் என் வீட்டுச் சன்னலைக் காட்டினாள். என் பெட்டி அங்கே விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. அதை மட்டும் எடுக்க மறந்திருக்கிறேன்!

அக்டோபர் 21

மேல் சன்னலில் போர்வை தொங்குகிறது. ஓடெல் உள்ளிருந்து ஆணி அடித்திருக்கிறார்.

அக்டோபர் 24

கத்தியை எடுத்துக்கொண்டு பதினெட்டு வீட்டுக்கும் போனேன். பன்னிரண்டு பேர் வெட்ட விட்டார்கள். அதில் இரண்டு பேர் அழுதார்கள், மூன்று பேர் கேக் கொடுத்தார்கள். கேக்! கையில் வாங்கவே கூசியது. மூன்று வீட்டில் ஆள் இல்லை. இரண்டு பேர், "யாருக்கும் அடையாளம் தெரியாது, விடு நோரீன்" என்றார்கள். ட்ரூடி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நீதானே குடுத்த? இப்ப நல்லவ மாதிரி கத்தியத் தூக்கிட்டு வர்ற."

அவள் சொன்னதில் பொய் ஏது?

டுவைட் மட்டும், யாரும் சொல்லாமலே, புல் வெட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

அக்டோபர் 31

ஆறிலிருந்து எட்டு வரை தெரு நிறைய, வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகள். எதிர்வீட்டுத் தாழ்வார விளக்கு எரியவில்லை. விளக்கில்லாத வீட்டுக்குப் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும், ஆனாலும் வேலியோரம் நின்று மேலே பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நான் மிட்டாய்க் கிண்ணத்தோடு அந்த வேலியோரமே போய் நின்றுகொண்டேன். யாரையும் நிமிர விடவில்லை. வீட்டுக்குள் வந்ததும் மீதி மிட்டாயைக் குப்பையில் போட்டேன்.

நவம்பர் 3

எல்லோரும் பேய்களைக் கழற்றிவிட்டார்கள். ட்ரூடி சன்னலில் இப்போது அடுத்த பண்டிகைக்கான காகித வான்கோழி. அவ்வளவு சுலபம்.

நவம்பர் 7, வியாழன்

இரண்டு வாரமாகக் கதவு வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். இன்று மணியை அழுத்தினேன். ஓடெல் ஒரு ஓரமாக நகர்ந்து நின்றார், வாங்க என்று சொல்லவில்லை.

உள்ளே நாற்றம். மூத்திரம், கருகிய சூப், மூடியே கிடக்கும் அறைகளின் புழுக்கம். மேலே போனோம். முன் அறையில் போர்வை தொங்கிய இருட்டு. இமோஜீன் பின் அறையில் இருந்தார். நாற்காலி சன்னலைப் பார்த்துத்தான் போட்டிருந்தது. சன்னலுக்கு வெளியே கார்க் கொட்டகைச் சுவர், செங்கல், ஒரு தண்ணீர்க் குழாய்.

"ஓடெல்" என்றார் இமோஜீன், சுவரைப் பார்த்துக்கொண்டே. "தெரு எங்க போச்சு?"

"இருக்கு, கண்ணு. அங்கதான் இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "தெரு எங்க போச்சு?"

நான் இருந்த பத்து நிமிடத்தில் நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் ஓடெல் அதே பொறுமையோடு அதையேதான் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முன் அறைக்குப் போனேன். போர்வை ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து நாற்காலியின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"அந்தப் பக்கத்தப் பிடிங்க, ஓடெல். அவங்க உக்காந்தபடியே இருக்கட்டும்."

அவர் அசையவில்லை. "மறுபடியும் காரெல்லாம் வந்தா?"

"நான் எதிர்லதானே இருக்கேன்."

ஓடெல் குனிந்து பிடித்தார். கதவு குறுகல், திருப்பும்போது என் விரல் நிலையில் நசுங்கியது. "பாத்துப்பா, பாத்து" என்றார் இமோஜீன், இரண்டு பேரிடமும்.