ரவை டப்பாவில் மாத்திரை

28 அக்டோபர் 2024

மாத்திரை தொடங்கியாயிற்று. டாக்டரிடம் இன்றும் தனியாகத்தான் போனேன். என் வீட்டுக்காரர் வேல்ராஜ் கப்பலில். எங்கள் கரு ஆஸ்பத்திரியில் உறைந்து கிடக்கிறது.

"கருமுட்டை கொடுத்தவங்க இளவயசு. அதனால உங்க நாற்பத்து மூணு வயசு பெரிய தடையில்ல. ஆனா கர்ப்பப்பை உங்களோடது. உள்சுவர் நல்லா தடிக்கணும். ஒரு வேளை மாத்திரைகூட தவறக் கூடாது" என்றார்.

முட்டை கொடுத்தவள் பெயர் தெரியாது, முகம் தெரியாது, கேட்கவும் கூடாது. மில்லர்புரம் வரை பஸ்ஸில் பக்கத்து ஸீட் பெண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன். பைத்தியம்.

யாரிடமும் சொல்லாதே, அம்மாவிடம்கூட — இது இவர் கட்டளை. மாத்திரையை ரவை டப்பாவில் ஒளித்தேன். வீட்டில் இருப்பது இவர் அம்மா, என் அத்தை மட்டும்; அவருக்கு உப்புமா ஆகாது, அந்த டப்பாவைத் தொடமாட்டார்.

1 நவம்பர்

"ஏளா, நாளைக்கு சஷ்டி தொடங்குது. இந்த வருசமும் விரதம் இருக்கேல்லா?"

"இருக்கேன் அத்தை."

கல்யாணமான நாளிலிருந்து பிள்ளைக்காக இருக்கிற விரதம். இப்போது மாட்டேன் என்றால் ஏன் என்பார். என்ன சொல்ல?

4 நவம்பர்

வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டுகிறது. நேற்று போடவில்லை. இன்றும். பசி எனக்கு எப்போதுமே தாங்காது. அடுப்படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். அத்தை "முருகா முருகா" என்று விசிறினார். மாத்திரையை விட்டுவிட்டு முருகனிடம் பிள்ளை கேட்கிறேன். என்னைப்போல் ஒருத்தி உண்டா?

8 நவம்பர்

நேற்று சஷ்டி முடியும்வரை மாத்திரையைத் தொடவே இல்லை. இன்று ஸ்கேன். உள்சுவர் தடிக்கவே இல்லை. "மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?" தலையாட்டப் பார்த்தேன், முடியவில்லை. இந்த மாதம் கரு வைக்க மாட்டார்கள். தை மாதம் பார்க்கலாமாம்.

பழைய துறைமுகம் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். இவருக்குப் போன் போட்டேன். நடுக்கடலில் சிக்னல் ஏது? அழுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லையே எனக்கு. நான் என்ன செய்வேன், யார்ட்ட போய்ச் சொல்லுவேன்...

9 நவம்பர்

சொல்லிவிட்டேன். அத்தையிடம், எல்லாவற்றையும். முட்டை என்னுடையது இல்லை என்பதையும்.

கேட்டுவிட்டு அத்தை எழுந்து போய்விட்டார். இரவு சாப்பிடவும் இல்லை.

15 டிசம்பர்

இன்னும் தேவைக்குத்தான் பேசுகிறார். வீட்டில் இரண்டு பேர், டி.வி.தான் பேசுகிறது.

6 ஜனவரி 2025

இன்று மறுபடி மாத்திரை தொடங்கவேண்டும். அடுப்படிக்குப் போனால் ரவை டப்பா மேடைமேல் இருக்கிறது. பக்கத்தில் இட்லி, தண்ணீர்.

"தின்னுட்டுப் போடு. இனிமே சஷ்டிய நான் இருந்துக்கிடுதேன்" என்றார் அத்தை. முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. தின்றுவிட்டு மாத்திரையைப் போட்டேன்.

5 பிப்ரவரி

ரத்தப் பரிசோதனை. போன மாதம் வைத்த கரு நின்றிருக்கிறது.

22 அக்டோபர்

சஷ்டி முதல் நாள். அத்தை விரதம். எனக்குச் சோறும் பூண்டுக் குழம்பும்.

பிள்ளை பார்க்கப் பக்கத்து வீட்டுக் கிருபாபாய் அக்கா வந்தார். தூக்கிவைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு சாடை இது? ஒங்க ரெண்டு பேரு மாதிரியும் இல்லயே!"

பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். அதற்குள் மகள் வீறிட்டாள். அத்தை எழுந்து வாங்கி என் மடியில் போட்டார்.

"செத்த நேரம் பசி தாங்குதாளா பாரு. அப்படியே அவ அம்மா."