வாத்தியார் விற்ற வீடு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன்னை நலமா என்று கேட்டால் "வீடு வித்துச்சான்னு கேளு அக்கா" என்பாய். அதனால் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் மறுபடி வாடகையை ஏற்றிவிட்டார். பதினாறு வருஷத்தில் இது ஐந்தாவது வீடு. என்னோடு அலைந்து தையல் மெஷினுக்கே கால் வலி வந்திருக்கும்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வாத்தியார் தன் வீட்டை விற்கிறார். மனைவி தவறிவிட்டார், அவர் முதியோர் இல்லத்துக்குப் போகப் போகிறார். இரண்டு அறை, பின்னால் ஓர் எலுமிச்சை மரம். அந்த அம்மா வைத்ததாம். வாங்கிப் பூசி மெழுகி விற்கிற உன் ஜாதிக்காரர்கள் மூன்று பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார். "குடியிருக்கறவங்களுக்குத்தான் குடுப்பேன்" என்கிறார். அதற்காகவே விலையையும் குறைத்துச் சொல்கிறார்.

ஐம்பத்தாறு வயசுக்காரிக்கு வங்கி கடன் தராது. நீ உன் பெயரில் வாங்கு. வாடகைக்குப் போகிற பணம் மாசாமாசம் உன் கைக்கு வரும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஏன் அலைய வேண்டும்?

வாத்தியாருக்கு ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஜன்னலோரம் மெஷின் போடுவேன், மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவேன் என்று. உளறியிருந்தால் திருத்திக் கொடு. சிரிக்காதே.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

வீடு நம்முடையது! உன் கடிதத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாத்தியார் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அக்கா எப்ப வர்றாங்க?" என்று மட்டும் கேட்டார். விலை பேசவே இல்லை.

கூரை ஒழுகுகிறது, சமையலறைச் சுவர் ஊறிப்போயிருக்கிறது. மூன்று மாச வேலை, முடியும்வரை நீ வந்து எட்டிப் பார்க்காதே. வீட்டுக்காரரிடம் காலி செய்கிறேன் என்று சொல்லிவிடு. ஜன்னலுக்கு என்ன நிறம் வேண்டும், எழுது.

உன் தம்பி

ஜூன் 20

அக்கா,

கோபப்படாமல் கடைசிவரை படி.

வாசலுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பதி காரை நிறுத்தி விலை கேட்டார்கள். விளையாட்டாக, வாங்கினதைப் போல் இரண்டு மடங்கு சொன்னேன். மறுநாள் பணத்தோடு நின்றார்கள். என்னுடைய வேறு இரண்டு வீடு விற்காமல் வட்டி கழுத்தை நெரிக்கிறது. விட்டிருந்தால் நான் முழுகியிருப்பேன். சத்தியமாக உனக்காகத்தான் வாங்கினேன். இதைவிட நல்ல வீடாகப் பார்த்துத் தருகிறேன். இத்துடன் உன் பங்குக்கு ஒரு காசோலை.

உன் தம்பி

அக்டோபர் 9

தம்பிக்கு,

நாலு மாசம் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. வீடு தேடிக்கொண்டிருந்தேன். நீ சொன்னதை நம்பிக் காலி செய்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, வீட்டுக்காரர் வேறு ஆள் வைத்துவிட்டார். எங்கே போய்க் கேட்டாலும் நீ விற்ற வீட்டின் விலையைச் சொல்லித்தான் வாடகை பேசுகிறார்கள். அந்த விலைதான் இப்போது ஊர் விலையாம். தையல் கடைக்குப் பின்னால், துணி மூட்டை போடுகிற அறையில் இருக்கிறேன். வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். நீ அக்காவின் கடிதத்தைக் காட்டி வாங்கி விற்றுப் பார்த்திருக்கிறாய். என்னிடம் கேட்டிருந்தால், நீ முழுக வேண்டாம், வித்துக்கோ என்று நானே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. அதுதான் ஆறவில்லை.

வாத்தியாரை இல்லத்தில் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். என்னைக் கண்டதும், "ஜன்னல்கிட்டதானே மெஷின் போட்டிருக்கீங்க? வெளிச்சம் போதுதாம்மா?" என்றார். போதுகிறது என்று சொல்லிவிட்டேன். "மரம் காய்ச்சிருக்கா? அடுத்த தடவை ரெண்டு காய் கொண்டாங்கம்மா" என்றார். அதை வெட்டிக் கார் நிறுத்த இடம் போட்டிருக்கிறாய் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

காசோலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னொரு வீடு பார்க்கிறேன் என்று எழுதாதே. எதுவும் எழுதாதே. இதுவே நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

போன வாரம் கடையில் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். வாத்தியார் கையில் வாங்கி, வெகுநேரம் முகர்ந்து பார்த்தார். "இதேதான்" என்றார்.

அக்கா