கிணற்றில் விட்ட கெண்டை

12-3-1936, வியாழன். சேந்தமங்கலம்.

காலில் புண்ணாகி நூல்போல வெளிவரும் நரம்புச் சிலந்திப் புழுவை ஒழிக்க, சுகாதார இலாகா சார்பில் ஐப்பசியில் நான் கெண்டைக் குஞ்சுகள் விட்ட படிக்கிணற்றைப் பார்க்கப் போனேன். புண்ணுள்ள கால் தண்ணீரில் பட்டால் சிலந்தி அதில் நுண்புழுக்களை விடும்; அவற்றைச் சுமக்கும் தண்ணீர்ப்பூச்சியைத் தண்ணீரோடு குடிப்பவருக்கும் சிலந்தி வரும். அந்தப் பூச்சியை மீன்கள் தின்றுவிடும். குஞ்சு விட்ட அன்றே இதை ஊராருக்கு விளக்கியிருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கிணற்றுக்குப் போகுமுன் மணியக்காரர் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் மருமகள் நொண்டிக்கொண்டே பரிமாறினாள். கணுக்காலில் பாதி வெளிவந்த சிலந்தியைக் குச்சியில் சுற்றிக் கட்டியிருந்தாள். மீன்குழம்பு நன்றாக இருந்தது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன்.

“ஆத்து மீனா?” என்றேன்.

“இல்லீங்க சாமி, நீங்க உட்டதுதானுங்க,” என்றார் மணியக்காரர். “ நல்லாப் பெருத்துப் போச்சு. நீங்க வாரீங்கன்னு வலை போட்டு அரிச்சுப் புடிச்சமுங்க.”

“மிச்சம் எத்தனை இருக்கு?”

“ஒண்ணுமில்லீங்க. ஊருக்கே பங்கு போட்டாச்சு. மறுக்கா எப்பங்க குஞ்சு உடுவீங்க?”

நான் கை கழுவும்போது மருமகள் குடத்தோடு எதிரே இருந்த அந்தக் கிணற்றுப் படியில் இறங்கினாள். கால்கட்டு தண்ணீரில் நனைந்தது.

மீன் இருக்கிற கிணறுதானே என்று, சாப்பாட்டோடு அதன் தண்ணீரை வடிகட்டாமலே இரண்டு செம்பு குடித்திருந்தேன். சிலந்தி வெளியே வர ஒரு வருஷம் ஆகும். அடுத்த மாசியில் என் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.