‘ங்க’ இல்லாத தப்பு

அன்புள்ள சென்னியப்பண்ணா,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பேப்பரில் வரவேண்டிய நினைவஞ்சலி விளம்பரத்தின் புரூஃபை இன்று காலை அண்ணி ஊரிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார். படம் நன்றாக இருக்கிறது. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அதே முகம். ஆனால் படத்துக்குக் கீழே ‘மு. சென்னியப்பன்’ என்று இருக்கிறது.

நீங்கள் ரா. சென்னியப்பன். மு. சென்னியப்பன் உங்கள் பங்காளி, பெருந்துறைக்குப் பக்கத்தில் உங்களுக்கு அடுத்த தோட்டத்துக்காரர். ஆள் கல்லு மாதிரி இருக்கிறார். அச்சகத்தில் போய் விஷயத்தைக் கொடுத்தவர் அவர்தானாம். கொடுத்தவர் பெயரையே போனவர் பெயராகப் போட்டுவிட்டார்கள். வீட்டில் நாலு பேர் பார்த்து, நல்லாத்தானுங்க இருக்குது என்று சொன்ன பிறகுதான் எனக்கு வந்திருக்கிறது.

பார்த்ததும் எனக்கு அந்த லேப் புரோகிராம் ஞாபகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும், இல்லையா?

காந்திபுரத்து மாடி ஆபீஸில் அப்போது நாம் ஏழு பேர். நீங்கள் புரோகிராம் எழுத வந்தவர், நான் டைப் அடிக்க வந்தவள். டெஸ்டிங் என்று தனியாக ஒரு வேலை இருப்பதே நமக்குத் தெரியாது. முதலாளி பெங்களூரிலிருந்து ஒரு ஆங்கிலப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்து என்னிடம் கொடுத்து, இனிமேல் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை என்றார். மதியம் டிபன் டப்பாவை மூடிவிட்டு அகராதியோடு உட்காருவேன். எழுதியவர் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது, அதனால் வேறொருவர் பார்க்க வேண்டும். நூறு வரைக்கும்தான் வாங்கும் என்றால் நூறையும் நூற்றொன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் பழையதையெல்லாம் திரும்ப ஓட்ட வேண்டும். இதெல்லாம் புரிந்தது. தப்பு என்றால் தப்பு என்று எழுத மட்டும் கை வரவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று நம் ஊரில் யாராவது சொல்லியிருக்கிறோமா?

ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கான புரோகிராம் அது. நீங்கள் தனியாக எழுதிய முதல் புரோகிராம். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஜெராக்ஸில் இருந்த ஜான், மேரி என்ற பெயர்களைப் போட்டே நீங்கள் ஓட்டிப் பார்த்திருந்தீர்கள். நான் விளையாட்டாக உங்கள் பெயரை இரண்டு தடவை போட்டேன், வயதை மட்டும் மாற்றி. ஒரு சென்னியப்பனின் சர்க்கரை அளவு இன்னொரு சென்னியப்பனின் ரிப்போர்ட்டில் வந்து நின்றது.

அன்றைக்குத் தாளில் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். “எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஒரே பேர்ல ரெண்டு பேரு வந்தா மட்டும், சவுகரியப்பட்டா ஒருக்கா பாத்துக்குங்க.” நீங்கள் அதைப் படித்துவிட்டு, சவுகரியப்படும்போது பார்க்கலாம் என்று, மறுநாள் ஈரோட்டில் கொடுக்க வேண்டிய புரோகிராம் பிளாப்பிகளைப் பையில் வைத்துவிட்டீர்கள். உங்களைச் சொல்லி என்ன செய்வது?

மறுநாள் காலை இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். சர்க்கரையே இல்லாத ஒருவர் யாரோ ஒருவரின் மாத்திரையை விழுங்குவதுபோலவே தோன்றிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தேன். ஈரோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். அது தப்புங்கண்ணா என்றேன். ஆகட்டுமுங் அம்மணி, வந்து பார்த்துக்கலாம் என்று சிரித்தீர்கள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

“தப்பு” என்றேன். ‘ங்க’ இல்லை, அண்ணா இல்லை. பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. நீங்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள்.

முதலாளி கத்தித் தீர்த்தார். நீங்கள் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு நாளும் நான் வேலையை விட்டுவிடலாமா என்றுதான் யோசித்தேன். மூன்றாம் நாள் டீ டம்ளரோடு என் மேசைக்கு வந்தீர்கள்.

“எங்கூர்ல ஊட்டுக்கு ஒரு சென்னியப்பன் இருக்கறானுங் அம்மணி. என்ற பேரை நானே போட்டுப் பாக்காம உட்டுப்போட்டனே.”

அன்றைக்கே புதுத் தாள் ஒன்று தயார் செய்தீர்கள். சரி, தப்பு என்று இரண்டே கட்டம். மரியாதை எழுதத் துளி இடம் வைக்கவில்லை. புரோகிராம் பத்து நாள் தாமதமாகப் போனாலும் ஒழுங்காகப் போனது, உங்கள் வேலையும் நிலைத்தது.

இப்போது எல்லாரும் வரப்போகிற இரண்டாயிரமாவது வருடத்தை நினைத்து நடுங்குகிறார்கள். வருடம் பூஜ்யம் பூஜ்யம் என்று வந்தால் கம்ப்யூட்டர் என்ன செய்யுமோ என்று தினமும் ஒரு கம்பெனி கூப்பிடுகிறது. டெஸ்டிங்குக்கு மட்டும் மூன்று பேரை எடுத்திருக்கிறோம். உங்கள் தாளைத்தான் அவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அண்ணா, கடைசியாக ஆபீஸுக்கு வந்த அன்றைக்கு மாடிப்படி ஏறி வந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்றீர்களே, என்ன என்று கேட்டேன். “ஒண்ணுமில்லீங் அம்மணி, வாயு” என்றீர்கள். நான் தலையை ஆட்டிவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். எந்தப் புரோகிராமையும் நூறு விதமாகத் துருவுகிற நான் உங்களை இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிஜத்தைச் சொல்லியிருப்பீர்களா? தெரியவில்லை. கேட்காதது என் தப்பு. ஒரு வருடமாக அது என்னை அரிக்கிறது.

சற்று முன் உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். மு. சென்னியப்பன்தான் எடுத்தார். பெயர் தப்பு என்றேன்.

“அப்பவே பாத்தனுங். அவங்க இருக்கற நெலமைல, எம் பேரு வந்துருச்சுன்னு எப்படிச் சொல்றதுங்?”

மரியாதைக்காக, செத்தவராகவே பேப்பரில் வந்துவிடத் தயாராக இருந்திருக்கிறார் அந்த மனுஷர். சிரித்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருப்பீர்கள்.

அப்புறம் அண்ணி வந்தார். எப்படி இருக்கீங்க என்று கேட்டேன். நல்லா இருக்கறேன் கண்ணு என்றார். வைத்துவிடப் போனவள், இன்னொரு தடவை கேட்டேன்.

“இல்ல கண்ணு. நல்லா இல்ல. ஒருக்கா வந்துட்டுப் போ.”

புரூஃபில் ‘மு’வை அடித்துப் பக்கத்தில் ‘தப்பு’ என்று சிவப்பில் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெருந்துறை பஸ் ஏறுகிறேன். இனிமேல் யார் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் இரண்டாம் தடவை கேட்பேன், அண்ணா. அண்ணியிடமிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டாம் தடவை கேட்காமல் விட்ட
உங்கள் தங்கச்சி
கலாமணி