ஒன்பது படிகளும் என் கையும்

கோபம் தீராத என் எஸ்தர் அக்காவுக்கு,

உன் தம்பி ஜேம்ஸ் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசி வரைக்கும் படி. நீ இருந்திருந்தால் முதல் வரியிலேயே ஒரு பிழையைக் கண்டுபிடித்து, என் பேனாவாலேயே என் மண்டையில் குத்தியிருப்பாய். இப்போது அந்த வசதி உனக்கு இல்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

நம் நூலகத்துக்குச் சாய்தளம் கட்டிவிட்டார்கள். நீ மூன்று வருஷம் மனு எழுதிக் கேட்டாயே, அதேதான். சக்கர நாற்காலியில் வருகிறவர் தானே உருட்டிக்கொண்டு ஏறுகிற மாதிரி, பக்கவாட்டில், நீளமாக, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து. ஆனால் இந்த நல்ல செய்தியைச் சொல்ல மட்டும் நான் எழுதவில்லை. அது எப்படி வந்தது என்று நாலு பேர் கேட்க உன்னிடம் சொல்ல வேண்டும். அதனால்தான் கல்லறையில் முணுமுணுத்துவிட்டு வராமல் அச்சில் வருகிற மாதிரி எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில், எங்கள் லைன் வீடுகளில், தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்று பாஷையிலும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் நீ. தினமும் காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தாய். ஒருநாள், வண்டி நிற்பதற்குள் இடம் பிடிக்க ஏறிய கூட்டம் உன்னை நெட்டித் தள்ளியது. பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் விழுந்தாய். முதுகெலும்பு நொறுங்கியது. இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லை என்று ஆகிவிட்டது. ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். ஏழாவது மாதம் எழுந்து உட்கார்ந்து, "லைப்ரரிக்குப் போவணும்டா" என்றாய்.

போனோம். வாசலில் ஒன்பது கருங்கல் படி. கட்டினவன் ஆறடி ஆளை மட்டும் மனசில் வைத்துக் கட்டினானோ என்னவோ, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். நீ கீழே நாற்காலியில் இருந்து அண்ணாந்து பார்த்தாய். நான் சிரித்தேன். "இன்னாக்கா, இதுக்குப் போயா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற? நாங்க நாலு பேரு கீறோம்ல?" என்றேன்.

அதுதான் நம் ஊர் ஆம்பிளைகள் செய்கிற தப்பு. சுரங்கத்தில் பாறை வெடித்த அன்று அப்பா நான்கு பேரை ஒருவர் பின் ஒருவராகத் தோளில் போட்டு, மேலே ஏற்றுகிற கேஜ் வரைக்கும் சுமந்து வந்தவர். அவர் சாகும் வரை லைனில் அந்தக் கதைதான். சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் எங்களுக்கு வேறு பெருமை கிடையாது. அடிபட்டவனைப் பார்த்தால் கை தானாக நீளும். அடிபட்டவனுக்கு வாய் இருக்கிறது, அவனை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

நான், என் சிநேகிதன் தாஸ், வெல்டிங் பட்டறையில் கூட வேலை செய்கிற இன்னும் இரண்டு பேர். காலையில் பத்து மணிக்கு உன்னை மேலே தூக்கி வைப்போம். ஐந்து மணிக்கு வந்து இறக்குவோம். நடுவில் நீ அங்கே இறக்கி வைத்த சாமான். நினைத்த நேரத்துக்கு வெளியே வர முடியாது என்பதால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாய்.

ஒருநாள் பட்டறையில் வேலை இழுத்து, நாங்கள் வர ஆறரை ஆகிவிட்டது. நூலகர் அம்மா கதவைப் பூட்டாமல் உனக்காகக் காத்திருந்தார். நாற்காலித் துணி நனைந்திருந்தது. தாஸ் மூக்கைச் சுளித்தான். நீ அவன் கையை வெடுக்கென்று இழுத்துக் கட்டைவிரலைக் கடித்தாய். ரத்தம் கொட்டியது, அவன் அலறினான். நான் உன்னைத்தான் திட்டினேன். "தூக்கறவன் கையவே கடிக்கிறியே, நன்றின்னு ஒண்ணு கீதா உனக்கு?" என்றேன். நீ மறுநாள் சாய்தளம் கேட்டு முதல் மனுவை எழுதினாய்.

மூன்று வருஷம் எழுதினாய். கடைசியில் கோலாரிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார், கையில் டேப்பும் ஃபைலுமாக. அவர் படியைப் பார்க்க வேண்டும், படிக்குக் கீழே நீ ஏற முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். உன் திட்டம் அவ்வளவுதான். "இன்னிக்கி எவனும் என் கிட்ட வராதீங்கடா" என்று எங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாய்.

நான் வந்தேன். பெரிய மனுஷர் வந்திருக்கிறார், நம் லைன் மானம் போகக் கூடாது என்று தோன்றிவிட்டது. நாங்கள் நாலு பேரும் ஓடிப்போய், நீ வாயைத் திறப்பதற்குள் நாற்காலியோடு தூக்கி, ஒன்பது படியையும் ஒரே மூச்சில் ஏறிக் காட்டினோம். அதிகாரி கை தட்டினார். "ஏனாதரூ தொந்தரே இதியா?" என்று கன்னடத்தில் கேட்டார், தொந்தரவு ஏதும் உண்டா என்று. அவர் கேட்டது உன்னை. பதில் சொன்னது நான். "ஒரு தொந்தரவும் இல்ல சார், நாங்க தூக்கிடுவோம்." அவர் அதை எழுதினார். கையெழுத்துக் கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போட்டேன். நீ "சார்" என்பதற்குள் அவர் ஃபைலை மூடிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

ஜீப் கிளம்புவதற்குள் நீ என்னை அறைந்தாய். கன்னத்தில் இல்லை, வாயிலேயே. உதடு கிழிந்தது. "மூணு வருஷத்த ஒரு நிமிஷத்துல கொன்னுட்டியேடா, பாவி" என்றாய். உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையைத் திருப்பினார்கள். எனக்கு அவமானம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு! உனக்கு என்ன வந்திருக்கும் என்று நான் யோசித்தேனா?

இனி எழுதப்போவது அன்றைக்கு உனக்கும் எங்கள் நாலு பேருக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

பத்து நாள் கழித்து, ஐந்து மணிக்கு, நல்ல மழை, வாசலிலும் தெருவிலும் வேறு ஆளில்லை. உன்னை இறக்க வந்தோம். பத்து நாளாக நீ என்னோடு பேசவில்லை, கிழிந்த உதடு எனக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வேணாம். மழ நிக்கட்டும். நீங்க போங்க" என்றாய். தாஸ்கூட, "வுடு மச்சான், அக்கா சொல்லுதுல்ல" என்றான். அதில்தான் எனக்குக் கோபம் ஏறியது. என் அக்காவை எப்போது இறக்குவது என்று எனக்குத் தெரியாதா? நாற்காலியின் பின்கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். மற்றவர்களும் வேறு வழியில்லாமல் பிடித்தார்கள்.

நீ கத்தினாய். "வேணாண்டா, வுட்றா, இறக்குடா" என்றாய். முழங்கையால் என் விலாவில் இடித்தாய். என் முகத்தில் நகத்தால் கீறினாய். மூன்றாவது படியில் நான் நாற்காலியிலிருந்து ஒரு கையை எடுத்தேன். உன் மணிக்கட்டைப் பிடித்து மடக்குவதற்காக எடுத்தேன். உன்னை அடக்குவதற்காக. நாற்காலி சரிந்தது. நீ ஆறு படி உருண்டாய். கடைசிப் படியின் விளிம்பு உன் பின்மண்டையைப் பிளந்தது. மழைத் தண்ணீர் தெரு வரைக்கும் சிவப்பாக ஓடியது. மூன்றாம் நாள் போய்விட்டாய்.

கேட்டவர்களிடம் எல்லாம், "மழ. படி வழுக்கிடுச்சி" என்றேன். மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். அதே நாலு பேரும் உன் பெட்டியைச் சுமந்தோம். அன்றைக்கு மட்டும் நீ ஒன்றும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், பட்டப்பகலில், பட்டறையிலிருந்து பெரிய சம்மட்டியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். கடைசிப் படியில் ஆரம்பித்தேன். கருங்கல் லேசில் உடைகிறதா? சில்லு தெறித்து நெற்றியில் குத்தியது, கண்ணில் ரத்தம் வழிந்தது, நிறுத்தவில்லை. நாலு படியின் விளிம்பைப் பெயர்த்த பிறகுதான் ஆட்கள் சேர்ந்து என்னைக் கீழே தள்ளி அமுக்கினார்கள். "பாவம், அக்கா மேல உசுரு அவனுக்கு" என்று பேசிக்கொண்டார்கள். துக்கம் உண்மைதான் அக்கா. ஆனால் படியை அடிக்கிறவனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

உடைத்த படிகளைத் திரும்பக் கட்டினார்கள். மழையில் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான கல் போட்டார்கள். ஒரு கம்பி வைத்தார்கள். மழைக்காலத்தில் கவனமாக இறங்கவும் என்று போர்டு மாட்டினார்கள். நான் சொன்ன பொய்க்கு எவ்வளவு அக்கறையான வைத்தியம் பார்த்தாயா?

சாய்தளம் என்ன ஆயிற்று என்று கேட்கப் போனேன். அதே அதிகாரி. ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். உள்ளூர் மக்கள் தூக்கிச் சென்று உதவுவதால் சாய்தளம் அவசியமில்லை என்று எழுதியிருந்தது. அடியில் என் கையெழுத்து. "உங்க அக்கா விழுந்தது மழையில்தானே? அதைத்தான் சரி பண்ணிட்டோமே" என்றார் மனுஷர், மரியாதையாகத்தான். என் வாயிலிருந்து வந்த இரண்டு பேச்சும் சேர்ந்து உன் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. வேறு யாரைப் பிடித்து உலுக்குவது?

நூலகர் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கன்னடத்தில் எழுதினார். "அவள் வேண்டாம் என்றாள். நான் பலவந்தமாகத் தூக்கினேன்" என்ற இடத்தில் அவர் பேனா நின்றது. "ஜேம்ஸ், இத குடுத்தா உன்ன சும்மா வுட மாட்டாங்கப்பா" என்றார். "எழுதுங்கம்மா" என்றேன். இனி யாரையும் நாங்கள் தூக்க மாட்டோம், எனவே சாய்தளம் வேண்டும் என்று முடித்தோம்.

விஷயம் தெரிந்ததும் தாஸ் பட்டறைக்குள் பாய்ந்து வந்தான். "எங்களயும் சேத்து உள்ள தள்ளப் பாக்குறியா? எனக்கு ரெண்டு பொண்ணு கீதுடா!" என்று கையில் கிடைத்த இரும்புக் குழாயை வீசினான். எனக்கு முன்பல் இரண்டு போனது. நான் அவன் புருவத்தைக் கிழித்தேன். தரையில் கட்டிப் புரண்டோம். ஒருவன் கழுத்தை ஒருவன் நெரித்தோம். மூச்சு முட்டிப் பிரிந்த பிறகு, அவன் சுவரில் சாய்ந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு, "நான் அன்னிக்கே வுடுன்னு சொன்னேன்ல மச்சான்" என்று ஓவென்று அழுதான். பிறகு தாளை வாங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

அந்தத் தாளை அதிகாரி நின்றபடியே படித்தார். இந்தத் தடவை கை தட்டவில்லை. பழைய தாளை ரத்து செய்து புதிதாக எழுதினார்.

கான்ட்ராக்டர் முதலில் கூரைச் சரிவு மாதிரி செங்குத்தாகப் போட்டு வைத்தான். "தள்றதுக்குத்தான் ஆளு இருப்பாங்களே" என்றான். உன் காலி நாற்காலியை மேலே கொண்டுபோய் அவன் கண்முன்னே விட்டேன். அது பாய்ந்து வந்து காம்பவுண்டுச் சுவரில் மோதி, சக்கரம் கழன்று அவன் காலடியில் விழுந்தது. "இதுல உம்பொண்டாட்டிய உக்கார வெச்சி வுடட்டா?" என்று சட்டையைப் பிடித்தேன். முழுவதையும் இடித்துவிட்டு நீளமாகக் கட்டினான்.

போன வாரம் பூதிகோட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆட்டோவிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறினாள். சாய்தளத்தில் உருட்டி ஏறினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். என் கை நீண்டது அக்கா. இவ்வளவு நடந்த பிறகும் நீண்டது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் தலை நிமிர்ந்து, "இன்னாண்ணா பாக்குறீங்க? வழிய வுடுங்க" என்றாள். சாய்தளத்தின் உச்சியில் நடுவில் நின்றுகொண்டிருந்தேன் நான். ஒதுங்கினேன்.

உள்ளே போனவள் அரைமணியில் வெளியே வந்து எதிர்க்கடையில் டீ குடித்தாள். திரும்ப உள்ளே போனாள். ஒரு மணி நேரம் கழித்துப் போன் பேச வெளியே வந்தாள். மறுபடியும் போனாள். ஒரே நாளில் மூன்று தடவை, யாரையும் கேட்காமல். நான் வாசலில் உட்கார்ந்து எண்ணினேன், எண்ணி எண்ணி அழுதேன். நீ கேட்டது இவ்வளவுதானே? இதற்கா உன்னைக் கொன்றேன்?

என் வாக்குமூலம் போலீசுக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் நல்லவர். "சாய்தளம்தான் வந்தாச்சே ஜேம்ஸ். துக்கத்துல ஏதோ எழுதிட்டேன், மழைதான் காரணம்னு சொல்லிடுங்க, வெளிய வந்துடலாம்" என்கிறார். தாஸின் பெண்கள் முகம் கண்ணில் வருகிறது. பயமாகவும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை மழை என்ற வார்த்தை என் வாயில் வராது. மற்ற மூன்று பேரும் வேண்டாம் என்றுதான் நின்றார்கள், நான்தான் முதலில் தூக்கினேன் என்று சொல்வேன். நீ கத்தினது ஒவ்வொன்றையும் நீ கத்தின அதே வார்த்தையில் சொல்வேன். அவர்கள் அதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்துக் கேட்பார்கள். போடுவேன்.

இப்படிக்கு,
நீ வேண்டாம் என்று சொல்லியும் உன்னைத் தூக்கிய
உன் தம்பி ஜேம்ஸ்