பேசாலை ரெஜினாவின் அளவு

இஞ்சாருங்கோ, இன்று காலை உங்கள் காரின் றேடியோ என்னிடம் கோட் கேட்டது.

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. அன்றிலிருந்து வேப்பமரத்தடியில் அசையாமல் நின்ற காரின் பற்றறி செத்துவிட்டது. முருங்கன் சந்தியில் வாகன வயறிங் வேலை செய்யும் கமாலைக் கூப்பிட்டேன். பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். ஒரே திருப்பில் கார் இயங்கியது. றேடியோ மட்டும் பாடாமல், சின்னப் பச்சை வெளிச்சத்தில் ‘கோட்’ என்று இங்கிலீசில் காட்டிக்கொண்டிருந்தது. கழற்றிவைத்த பற்றறியின் அசிட் மணம் முற்றத்தில் நின்றது. உங்கள் சாரங்களில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுத்திய அதே மணம்.

“அக்கா, இது களவுக்குப் பயந்து வைக்கிற பூட்டு” என்றார் கமால். “பற்றறி கழண்டா, தன்னை ஆரோ களவெடுத்திட்டாங்கள் எண்டு றேடியோ நினைக்கும். சரியான நாலு இலக்கத்தை அடிச்சாத்தான் நம்பும்.”

எனக்கு அந்த றேடியோவை உடனே பிடித்துப்போய்விட்டது. ஒருவரையும் லேசில் நம்பாத சாமான்.

“வாங்குற ஆள் நாளைக்கு வாறார். றேடியோ இப்படி நிண்டா, இது களவு வாகனமோ எண்டு கேப்பார்.”

ஓம், விற்கத்தான் இருந்தேன். கோபிக்காதேயுங்கோ. ஏன் விற்க நினைத்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாலு இலக்கம் என்றால் வருடமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் பிறந்த வருடத்தைச் சொன்னேன். கமால் பொத்தான்களை அமத்தினார். பிழை. எங்கள் கலியாண வருடத்தைச் சொன்னேன். பிழை. அவள் பிறந்த வருடம் எனக்குத் தெரியாதே என்று நினைத்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் மகன் பிறந்த வருடத்தைச் சொன்னேன். அதுவும் பிழை. றேடியோ முற்றாகப் பூட்டிக்கொண்டது. இனிக் கார்த் திறப்பைப் போட்டபடியே ஒரு மணித்தியாலம் விட்டுவைத்தால்தான் மறுபடி முயன்று பார்க்கலாமாம். நான் தேத்தண்ணி வைக்கப் போனேன்.

அவள் என்றால் எவள் என்று கேட்பீர்கள். ரெஜினா.

என்னுடைய அளவுக் கொப்பி உங்களுக்கு நினைவிருக்கும். தையல் மெசினின் லாச்சியில் கிடக்கும், நீல மட்டை போட்டது. சனிக்கிழமைகளில் நீங்கள் கருவாட்டு வியாபாரிகளை ஏற்றிக்கொண்டு பேசாலைக்குப் போவீர்கள். அங்கேயுள்ள பெண்கள் சிலர் சாறிச் சட்டை தைக்கச் சொல்லித் துணியை உங்களிடம் கொடுத்துவிடுவார்கள். துணியோடு பழைய சட்டையொன்றும் அளவுக்கு வரும். நான் அதைப் பார்த்து அளவெடுத்து எழுதிக்கொள்வேன். நீங்கள் அந்தக் கொப்பியைத் தொட்டதே கிடையாது. பதினேழு வருடத்துக்கு முன் ஒருநாள், கொப்பியின் கடைசிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தைக் கண்டேன். தலை பெருத்து வால் சிறுத்த உங்கள் எழுத்தை எந்த நீதிமன்றத்திலும் அடையாளம் சொல்வேன்.

‘ரெஜினா, பேசாலை. மார்பு 36. நீளம் 14.’

துணியும் வரவில்லை, சட்டையும் வரவில்லை. எண் மட்டும் வந்திருக்கிறது. அந்த எண்ணை நீங்கள் எப்படி அறிந்தீர்கள்? யாருடைய அளவு நாடா, யாருடைய கை? அன்று மத்தியானம் உங்களுக்கு ஊற்றிய குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டீர்கள். குற்றமுள்ள ஆள்தான் இப்படி வாய்திறக்காமல் சாப்பிடும் என்று நினைத்தேன்.

கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லையென்பீர்கள், பிறகு அந்த ‘இல்லை’யையும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டும். அதனால் கேட்காமலே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று சனிக்கிழமை காலையும் பின்னேரமும் பார்த்தேன். உங்கள் சேர்ட்டை மணந்து பார்த்தேன். கருவாடு மணந்தது. கருவாட்டு மணத்துக்குள் வேறொரு மணத்தை ஒளிப்பது எவ்வளவு சுகம் என்று நினைத்தேன். ஒருமுறை பட்டும் படாமலும் “பேசாலையில இப்ப ஆர் ஆர் தைக்கத் தருகினம்?” என்று கேட்டேன். “உமக்குத் தெரியாத ஆக்களே?” என்றீர்கள். பார்த்தீர்களா, நேரான பதில் இல்லை.

இடையில் இரண்டு தரம் நீங்களாகவே “இஞ்சாரும், அந்த அளவுக் கொப்பியை ஒருக்காத் தாரும்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனீர்கள். இரண்டு தரமும் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். காருக்குள் இருந்து கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தீர்கள். ஆளைக் காணக் கிடைக்காத நாட்களில் பெயரையாவது பார்க்கிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அரசாங்க அலுவலாக மன்னார்க் கச்சேரிக்குப் போகிறேன் என்று சொல்லி ஒருநாள் புறப்பட்டேனே, அன்று நான் கச்சேரிப் பக்கமே போகவில்லை. மன்னாரில் பஸ் மாறிப் பேசாலைக்குப் போனேன். மணலில் பாய் விரித்துக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் ரெஜினா வீடு எது என்று கேட்டேன்.

“எந்த ரெஜினா அக்கா? வலை பொத்துற ரெஜினாவா, ரீச்சர் ரெஜினாவா? சங்கக் கடைக்குப் பக்கத்திலயும் ஒரு ரெஜினா இருக்கிறா.”

மூன்று பேரையும் பார்த்தேன். வலை பொத்தும் ரெஜினாவுக்கு எழுபது வயது, எலும்பும் தோலும், மார்பளவு முப்பதுக்கு மேல் வராது. ரீச்சர் நல்ல வடிவு. ஆனால் நாற்பத்திரண்டுக்குக் குறையாத உடம்பு. சங்கக் கடை ரெஜினா ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த எட்டு வயதுப் பிள்ளை. என் கண் ஓர் அங்குலம் பிசகாது. மூவரில் ஒருத்திக்கும் முப்பத்தாறு பொருந்தவில்லை. அதோடு விட்டேனா? இல்லை. இவர் சொல்லி அவள் ஊரை விட்டே போயிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன். கச்சேரியில் வேலை முடிந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். முடிந்தது என்றேன். இந்த வீட்டில் பொய் சொன்னது யார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் செத்தவீட்டுக்குப் பேசாலையிலிருந்து ஒரு வான் நிறையப் பெண்கள் வந்தார்கள். நான் உங்கள் தலைமாட்டில் இருந்து அழுதுகொண்டே ஒவ்வொருத்தியையும் கண்ணால் அளந்தேன். அதில் ஒருத்தி என் கையைப் பிடித்து “அண்ணன் நல்ல மனிசன் அக்கா, எங்கட பிள்ளையை ஆசுப்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு ஓடினவர்” என்றாள். முப்பத்தாறு இருக்கும் போலிருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். பேசாலைக்குப் போய்வந்த அந்தக் காரை என் கண்முன்னால் வைத்திருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

இன்று தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கமால் சொன்னார்: “அக்கா, நீங்கள் வருசம் வருசமாச் சொல்லுறீங்கள். இது அண்ணன் தெரிஞ்செடுத்த நம்பர் இல்லை. கார் செய்யேக்கையே பக்டரியில போட்டு விடுறது. காரோட சின்ன மட்டை ஒண்டு வந்திருக்கும், அதில இருக்கும்.”

மட்டை என்றதும், இவ்வளவு நேரமும் மறந்திருந்த அந்த நாள் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

சண்டை முடியாத காலம். மதவாச்சி றோட்டு ஆமிச் சென்றியில் உங்கள் காரைச் சோதித்தவர்கள் லாச்சிக்குள் அந்த மட்டையைக் கண்டார்கள். ‘கோட்’ என்று இங்கிலீசில் எழுத்து, கீழே நாலு இலக்கம். அந்த நாட்களில் ஒருவரைச் சந்தேகத்தில் பிடித்துவைக்க அதற்கு மேல் என்ன வேண்டும்? பஸ் கொண்டக்டர் வந்து சொல்லி நான் அடுத்த பஸ்ஸில் ஓடிவந்தேன். நீங்கள் வெயிலில் குந்தியிருந்தீர்கள். கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் மட்டையை என் முகத்துக்கு முன்னால் பிடித்து, “இது யாருக்குக் குடுக்கிற நம்பர்?” என்று கேட்டார். அந்தப் பயத்தில் இலக்கம் ஒன்றும் என் கண்ணில் ஏறவில்லை. எனக்குக் கார் றேடியோவைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

“சேர், என்ர மனிசன் பொய் சொல்லமாட்டார். பன்ரண்டு வருசத்தில எனக்கு ஒரு பொய் சொன்னதில்லை.”

நீங்கள் றேடியோ, றேடியோ என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். பின்னேரம்தான் அந்த அதிகாரிக்குப் பொறுமை வந்தது. பற்றறி வயரைக் கழற்றி மறுபடி கொளுவச் சொன்னார். றேடியோ கோட் கேட்டது. அவரே மட்டையைப் பார்த்து, நீங்கள் சொல்லச் சொல்லப் பொத்தான்களை அமத்தினார். சிங்களப் பாட்டொன்று உரக்கப் பாடத் தொடங்கியது. நின்ற ஆமிக்காரர் சிரித்துவிட்டார்கள். போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவ முன்னமே மட்டையை அடுப்பில் போட்டீர்கள். “கடதாசியில நம்பர் இருந்தா வில்லங்கமப்பா” என்றீர்கள். அப்போ அந்த நம்பர் என்று கேட்டேன். “அது இருக்கிற இடத்தில இருக்கு. உமக்குத் தெரியாட்டி, ஆர் கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லலாம்.”

இதையெல்லாம் கமாலுக்குச் சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு, “அப்ப றேடியோவைக் கழட்டி, பின்னால இருக்கிற நம்பரைக் கொழும்புக்கு அனுப்பித்தான் கேக்கவேணும். நாள் எடுக்கும்” என்றார். பிறகு, “அண்ணன் வேறெங்கயும் எழுதி வைக்கேல்லையா?”

“அவர் எங்க எழுதுறவர்! ஐடி நம்பரையே என்னட்டத்தான் கேப்பார். இந்த வீட்டில அவர் எழுதினது ஒரே ஒருக்காத்தான்...” என்று வாய் சொல்லிக்கொண்டு போக, எனக்கு அந்தக் கடைசிப் பக்கம் கண்முன் வந்துவிட்டது.

எழுந்து போய்க் கொப்பியை எடுத்தேன். ரெஜினா, பேசாலை. மார்பு 36. நீளம் 14. பதினேழு வருடமாக ஒரு பொம்பிளையின் கண்ணால் பார்த்த பக்கத்தை இன்றுதான் தையற்காரியின் கண்ணால் பார்த்தேன். தோள் எங்கே? இடுப்பு எங்கே? கை நீளம், கழுத்து இறக்கம் எங்கே? இரண்டு அளவை வைத்துக்கொண்டு யார் சாறிச் சட்டை தைக்க முடியும்? வேறு யார் இதை என்னிடம் கொண்டுவந்திருந்தாலும், இது சட்டைக்குரிய அளவில்லை என்று பார்த்த கையோடு திருப்பி அனுப்பியிருப்பேன். உங்கள் கையெழுத்து என்றபடியால் தொழிலும் மறந்துபோனது. ஆமியின் சுற்றிவளைப்பில் வீடு முழுவதும் கொட்டிக் கிளறினாலும், தையற்காரியின் கொப்பியில் ஒரு பெண்ணின் மார்பளவை எவன் சந்தேகப்படுவான் என்று யோசித்திருக்கிறீர்கள். ஆமிக்காரன் சந்தேகப்படமாட்டான் என்பது சரி. வீட்டுக்காரியை நீங்கள் யோசிக்கவில்லை.

இரண்டு தரம் கொப்பி கேட்டதும் அப்போதுதான் விளங்கியது. இரண்டு தரமும் நீங்கள் பற்றறி மாற்றிய நாட்கள். கையில் அசிட் பட்டு நான் தேங்காயெண்ணெய் பூசிவிட்டேனே.

ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. “முப்பத்தாறு பதினாலு” என்றேன். கமால் அமத்தினார். றேடியோ ஒரு நிமிடம் யோசித்தது போல நின்றது. பிறகு இரைந்து இரைந்து எதையோ தேடி, கடலுக்குப் போகிறவர்களுக்கான காற்று அறிவித்தலில் வந்து நின்றது.

“பாத்தீங்களா அக்கா, நம்பீட்டுது” என்றார் கமால். “எங்க எழுதி இருந்தது?”

“ஒரு வாடிக்கைக்காரியின்ர அளவில.”

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உங்களை நினைத்து அழுகிறேன் என்று கமால் மறுபக்கம் திரும்பி நின்றார். எனக்கு வெட்கத்தில் வந்த அழுகை அது. அந்த அதிகாரி உங்களைக் காலையில் மறித்தார். நேருக்கு நேர் கேள்வி கேட்டார், பதிலைச் சோதித்துப் பார்த்தார், பின்னேரம் விட்டுவிட்டார். அவருக்கு முன்னால் நின்று உங்களுக்குச் சாட்சி சொன்னவள் நான். அதே கிழமை உங்களை மறித்துவைத்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் பதினேழு வருடம் வைத்திருந்தேன். நீங்கள் மறிபட்டிருக்கிறீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டீர்கள்.

கார் வாங்கும் அந்த ஆளை நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். கமால் போகும்போது, “நம்பரை ஒரு துண்டில எழுதி வையுங்கோ அக்கா, மறந்திடுவீங்கள்” என்றார். எழுதவில்லை. ரெஜினா கடைசிப் பக்கத்தில் அப்படியே இருக்கட்டும். பற்றறி மாற்றும் நாளில் நானும் கொப்பியைக் கொண்டு முற்றத்துக்குப் போவேன். பேசாலைக்கும் ஒருக்காப் போகவேண்டும். செத்தவீட்டில் ஒருத்தியிடமிருந்து கையை இழுத்துக்கொண்டேனே, அவளுடைய வீட்டைத் தேடிப்பிடித்து, நல்ல துணியில் ஒரு சட்டை தைத்துக் கொடுக்கவேண்டும். எல்லா அளவும் எடுத்து.

என்னுடைய குணம் உங்களுக்குத் தெரியும், ஒரேயடியாக விட்டுப்போகாது. அன்றைக்கே வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டியதை இன்றைக்காவது கேட்டுவிடுகிறேன். ஊருலகத்தில் வேறு பெயரே இல்லையா? ஏனப்பா ரெஜினா?